லெவல் 3 வாங்க எத்தனை டெம்ப்ளேட் வேண்டும்?

வாசகர் கேள்விகளுக்கு நிபுணர் குழுவின் பதில்கள்

இந்த மாதக் கேள்விகள் சி.எம்.எம்.ஐ. என்ற செயல்முறை முதிர்ச்சி மாதிரியைப் பற்றியவை. ஒரு நிறுவனம் எவ்வளவு ஒழுங்கான முறையில் வேலை செய்கிறது என்பதை மதிப்பிட்டு லெவல் தரும் மாதிரி இது; உச்சம் லெவல் 5. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட சி.எம்.எம்.தான் இதன் மூலம். 2016 முதல் சி.எம்.எம்.ஐ., தகவல் தொழில்நுட்ப ஆளுகைக்கான தொழில்முறைச் சங்கமான ஐசாக்காவின் பொறுப்பில் இருக்கிறது. 3.0 பதிப்பு 2023-இல் வந்தது. பல கடிதங்களில் ஒரே சந்தேகம் வேறு வேறு வார்த்தைகளில் இருந்ததால் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

எங்களுடையது 45 பேர் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனம். ஒரு வாடிக்கையாளர் அடுத்த டெண்டரில் லெவல் 3 கட்டாயம் என்கிறார். முதலில் லெவல் 2 வாங்கிவிட்டுத்தான் போக வேண்டுமா? ஆறு மாதத்தில் முடியுமா?

லெவல் 2-க்குத் தனி மதிப்பீடு தேவையில்லை, நேராக லெவல் 3-க்கே போகலாம். ஆனால் லெவல் 2-இல் கேட்கப்படும் அத்தனையும் லெவல் 3 மதிப்பீட்டிலும் பார்க்கப்படும். திட்டமிடல், மதிப்பீட்டுக் கணக்கு (வேலைக்கு எவ்வளவு உழைப்பு ஆகும் என்ற முன்கணக்கு), கண்காணிப்பு, கான்ஃபிகரேஷன் (கோட், ஆவணங்களின் பதிப்புகளைக் கட்டுக்குள் வைப்பது), தரச் சோதனை எதிலுமே விலக்கு கிடையாது. அதற்கு மேல் லெவல் 3 கேட்பது மூன்று காரியங்கள்: நிறுவனத்துக்கென்று ஒரு பொதுச் செயல்முறை வேண்டும். ஒவ்வொரு புராஜெக்ட்டும் அதைத் தன் அளவுக்கு வெட்டித் தைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். புராஜெக்ட்டில் கற்றதும் அளந்ததும் திரும்ப நிறுவனத்தின் பொதுக் கிடங்குக்கு வந்து சேர வேண்டும். இந்த மூன்றாவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். புராஜெக்ட் முடிந்ததும் 'கற்ற பாடங்கள்' என்று ஒரு ஃபைல் எழுதிப் போடுவார்கள். அடுத்த புராஜெக்ட் தொடங்கும்போது அதை ஒருவரும் திறந்திருக்க மாட்டார்கள்.

ஆறு மாதம் போதுமா என்பதற்கு உங்கள் புராஜெக்ட்டின் நீளம்தான் பதில். மாதிரி கேட்பதற்கும் நீங்கள் செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காணும் இடைவெளி ஆய்வுக்கு இரண்டு வாரம். செயல்முறையை எழுதிச் சுருக்க இரண்டு, மூன்று மாதம். ஓரிரு புராஜெக்ட்டில் ஓட்டிப் பார்த்துத் திருத்த இன்னும் இரண்டு மாதம். அதன் பிறகு, புதிய முறையில் தொடங்கி முடிந்த வேலை கையில் இருக்க வேண்டும். உங்கள் புராஜெக்ட்கள் சராசரியாக நான்கு மாதம் ஓடுகின்றன என்றால் 10 முதல் 12 மாதம் நியாயமான கணக்கு. ஒரு வருடம் ஓடுபவை என்றால் 16 மாதத்துக்கு மேலேயே ஆகும். 'ஆறு மாதத்தில் கைமேல் லெவல் 3' என்று யாராவது விலை சொன்னால், அதில் எந்த மாதத்தில் உங்கள் ஆட்கள் புதிய முறையில் வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

45 பேருக்கு மூன்று பேர் கொண்ட செயல்முறைக் குழு போதும். ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கினால் ஓடும். மூவரும் தரப் பிரிவிலிருந்தே வரக்கூடாது. ஒருவராவது தினமும் கோட் எழுதுபவராக, ஒருவராவது வாடிக்கையாளரோடு பேசுபவராக இருக்கட்டும். டெண்டரில் தேதி எழுதிக் கொடுப்பதை நடுவழி மதிப்பீடு (இறுதி மதிப்பீட்டுக்கு முன் நிலைமையைப் பார்க்கும் ஒத்திகை) முடியும்வரை தள்ளிப் போடுங்கள்.

ஆலோசகர் 120 டெம்ப்ளேட் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. இவை அனைத்தும் கட்டாயமா?

ஒன்றுகூட அந்தப் பெயரில் கட்டாயம் இல்லை. சி.எம்.எம்.ஐ.யின் எந்தப் பக்கத்திலும் 'இந்த ஆவணம் வைத்திரு' என்று இல்லை. ஒவ்வொரு பழக்கத்துக்கும் ஒரு நோக்கம் எழுதப்பட்டிருக்கும், அதுதான் கட்டாயம். அதன் கீழே வரும் உதாரண ஆவணங்களின் பட்டியல் விளக்கத்துக்காகத் தரப்பட்டது. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு டெம்ப்ளேட் என்று உருவாக்கினால் 120 என்ன, 200 கூட வரும்.

எப்படிக் குறைப்பது? டெம்ப்ளேட் பட்டியலை ஒரு எக்ஸெலில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்வி: இதை நிரப்புபவர் யார்? நிரப்பியபின் படிப்பவர் யார்? படித்துவிட்டு என்ன முடிவு எடுக்கிறார்? மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அந்த டெம்ப்ளேட்டைத் தூக்கிவிடுங்கள். நிரப்புபவரும் படிப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியதே. இந்த வடிகட்டலில் 45 பேர் நிறுவனத்துக்கு 20 முதல் 30 வரைதான் மிஞ்ச வேண்டும். அதிலும் பாதி, நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் டிக்கெட் கருவிக்குள்ளேயே (வேலைகளைப் பதிந்து பின்தொடரும் மென்பொருள்) அடங்கிவிடும்.

புராஜெக்ட் திட்ட ஆவணத்தையே எடுத்துக்கொள்வோம். பெரிய நிறுவனங்களிலிருந்து வந்த டெம்ப்ளேட் 35 பக்கம் இருக்கும். முதல் 10 பக்கம் எல்லா புராஜெக்ட்டிலும் ஒன்றாகவே இருக்கும் வாசகம். அதைப் பொதுச் செயல்முறைக்குள் ஒருமுறை எழுதிவிட்டால் திட்டத்தில் மறுபடி எழுத வேண்டாம். மிச்சத்தில் மாறக்கூடியவை என்னென்ன? எல்லை, ஆட்கள், மதிப்பீட்டுக் கணக்கின் அடிப்படை, மைல்கல் தேதிகள், முக்கிய ரிஸ்க்குகள், யாரோடு எப்போது பேசுவது, பொதுச் செயல்முறையில் எதை வெட்டினோம், ஏன். நான்கைந்து பக்கம். புராஜெக்ட் மேனேஜர் மாதம் ஒருமுறையாவது திறந்து திருத்துவார் என்பதற்கு அந்த நீளம்தான் உத்தரவாதம். 35 பக்க ஆவணத்தைத் தொடங்கிய அன்று தவிர வேறு எப்போதும் யாரும் திறப்பதில்லை. மதிப்பீட்டுக் குழு முதலில் பார்ப்பதே கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பதைத்தான்.

வெட்டித் தைக்கும் விதிகளையும் எழுதி வையுங்கள். உதாரணமாக, 30 ஆள்-நாளுக்குக் (ஒருவர் ஒரு நாள் செய்வது ஒரு ஆள்-நாள்) கீழ்ப்பட்ட வேலைக்குத் தனித் திட்டம் வேண்டாம், டிக்கெட்டே போதும்; ஆனால் மாற்றக் கோரிக்கைக்கும் ரிவியூவுக்கும் விலக்கு கிடையாது. 'மேனேஜர் விருப்பப்படி' என்று எழுதினால் அது விதியாகாது.

நாங்களே இடைவெளி ஆய்வு செய்ய நினைக்கிறோம். எங்கே தொடங்குவது? மாதிரியின் கேள்விகளை எக்ஸெலில் போட்டு ஒவ்வொரு மேனேஜரிடமும் 'உண்டு, இல்லை' கேட்கலாமா?

அப்படிக் கேட்டால் எல்லாமே 'உண்டு' என்றுதான் வரும். கேட்காதீர்கள், காட்டச் சொல்லுங்கள்.

முடிந்த புராஜெக்ட் ஒன்று, பாதியில் ஓடுவது ஒன்று, இப்போதுதான் தொடங்கியது ஒன்று என மூன்றை எடுங்கள். முடிந்ததில் ஒரே ஒரு தேவையைத் தேர்ந்தெடுத்து அதன் நூலைப் பிடித்துக்கொண்டே போங்கள்: வாடிக்கையாளர் அனுப்பிய மெயில், ஒப்புக்கொண்ட தேவையின் எழுத்து வடிவம், டிசைன், கோட் கமிட், டெஸ்ட் கேஸ், டெஸ்ட் முடிவு, டெலிவரிக் குறிப்பு. எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்பது இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பெரும்பாலும் தேவைக்கும் டெஸ்ட் கேஸுக்கும் நடுவில்தான் அறுந்திருக்கும். அதிலும் பாதி வழியில் தேவை மாறியிருந்தால் கோட் மாறியிருக்கும், டெஸ்ட் கேஸ் பழையபடியே இருக்கும்.

பாதியில் ஓடுவதில் ரிஸ்க் பட்டியலைத் திறங்கள். எல்லா ரிஸ்க்கும் 'நடுத்தரம்' என்று இருக்கிறதா? 'ஆள் விலகல்' முதல் வரியாகவும் 'கூடுதல் ஆள் தயார்' அதற்குத் தீர்வாகவும் இருக்கிறதா? ஆறு மாதமாக ஒரு ரிஸ்க்கூட மூடப்படவில்லையா? அப்படியானால் அந்தப் பட்டியல் தொடக்கக் கூட்டத்துக்காக எழுதப்பட்டது. அந்த டீமில் இளையவர் ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள்: "இந்த வாரம் உங்கள் வேலை இரண்டு நாள் தாமதமானால் யாரிடம் சொல்வீர்கள், அவர் என்ன செய்வார்?" இந்தக் கேள்விக்கு வரும் பதில், பத்துப் பக்கக் கண்காணிப்புச் செயல்முறையைவிட உண்மையைச் சொல்லும்.

புதிதாகத் தொடங்கியதில் மதிப்பீட்டுக் கணக்கைப் பாருங்கள். '60 ஆள்-நாள்' என்ற எண் எங்கிருந்து வந்தது? அளவு, கடந்த புராஜெக்ட்டின் தரவு, அனுமானங்கள் ஆகிய மூன்றும் அதன் பின்னால் இருக்க வேண்டும். விற்பனைப் பிரிவு விலையிலிருந்து பின்னோக்கி வகுத்து வந்த எண் என்றால் அதையும் மறைக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். இடைவெளி ஆய்வின் பயனே இப்படிப்பட்டவை வெளியே வருவதுதான். இந்த மூன்று புராஜெக்ட்டையும் பார்ப்பதை மூன்று நாளில் முடித்துவிடலாம். அறிக்கை இரண்டு பக்கம் தாண்ட வேண்டாம்.

ஐ.எஸ்.ஓ. 9001 தர மேலாண்மைச் சான்று ஏற்கெனவே இருக்கிறது. பாதி வேலை முடிந்ததா?

பாதி முடியவில்லை, ஆனால் ஒரு நல்ல பகுதி கையில் இருக்கிறது. ஆவணக் கட்டுப்பாடு, உள் ஆடிட், திருத்த நடவடிக்கை, நிர்வாக மறுஆய்வு எல்லாம் அப்படியே உதவும். மதிப்பீட்டுக் கணக்கு, பியர் ரிவியூ (ஒருவரின் வேலையைச் சக ஊழியர் சரிபார்ப்பது), டிசைன் மாற்றுகளை ஒப்பிட்டு முடிவெடுப்பது, அளவீட்டுத் தரவு இவற்றுக்குத்தான் புதிதாக உழைக்க வேண்டியிருக்கும். தயவுசெய்து இரண்டுக்கும் இரண்டு கையேடு வைக்காதீர்கள். ஒரே செயல்முறைத் தொகுப்பு, பின்னால் இரண்டு ஒப்பீட்டு அட்டவணை.

நாங்கள் ஸ்கிரம் முறையில், அதாவது ஸ்பிரின்ட் என்ற குறுகிய சுற்றுகளாக வேலை செய்கிறோம். லெவல் 3-க்காக அதை விட வேண்டுமா?

வேண்டாம். ஸ்பிரின்ட் திட்டமிடல் கூட்டம் திட்டமிடலுக்கும் கணக்குக்கும் சான்று. தினசரிக் கூட்டமும் வேலைகளின் நிலையைக் காட்டும் போர்டும் கண்காணிப்புக்குச் சான்று. ஸ்பிரின்ட் முடிவில் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ கூட்டத்தில் எடுத்த முடிவு அடுத்த ஸ்பிரின்டில் செய்யப்பட்டிருந்தால் அது செயல்முறை மேம்பாட்டுக்குச் சான்று.

ஸ்கிரம் டீம்கள் வழுக்குவது நான்கு இடத்தில். ஸ்பிரின்டுக்கு அப்பால் உள்ள ரிஸ்க்குகளை யாரும் பார்ப்பதில்லை. பெரிய டிசைன் முடிவுகள் வொயிட்போர்டில் எடுக்கப்பட்டு அழிக்கப்படுகின்றன. ஒரு போட்டோவும் மூன்று வரிக் காரணமும் இருந்தால் போதும், அதுவும் இருப்பதில்லை. 'முடிந்தது' என்பதற்கான வரையறை டீமுக்கு டீம் வேறுபடுகிறது. ஸ்டோரி என்ற சிறு வேலையின் அளவுக்கு ஒவ்வொரு டீமும் தானே போடும் எண்ணான ஸ்டோரி பாயின்ட்டை டீம்களுக்கு இடையே ஒப்பிட்டு நிறுவன அளவில் சராசரி போடுகிறார்கள். இந்த நான்காவது மகா தவறு. ஒரு டீமின் 5 இன்னொரு டீமின் 13. நிறுவனக் கிடங்குக்கு அனுப்ப வேறு அளவு தேடுங்கள்: ஸ்டோரி தொடங்கி முடிய ஆன நாட்கள், டெலிவரிக்குப் பின் வந்த குறைகள், மறுவேலை மணி நேரம்.

மதிப்பீட்டுக்கு இன்னும் ஐந்து வாரம். ஆறு மாதக் கூட்டக் குறிப்புகள் இல்லை. இப்போது எழுதிச் சேர்க்கலாமா?

கூடாது. நெறி ஒருபுறம் இருக்கட்டும், அது மாட்டிக்கொள்ளும். ஃபைலின் உருவாக்கத் தேதி, வெர்ஷன் கருவியின் பதிவு, ஒரே நாளில் ஒரே ஆள் ஏற்றிய 24 குறிப்புகள் எல்லாம் கண்ணில் படும். அவற்றைவிட எளிதாக, விடுமுறை நாளில் நடந்ததாக எழுதிய கூட்டமோ, அப்போது வேலைக்கே சேராத ஒருவர் கலந்துகொண்டதாக உள்ள பெயரோ காட்டிக்கொடுக்கும். போலிச் சான்று தெரிந்தால் தலைமை மதிப்பீட்டாளர் மதிப்பீட்டை அதோடு நிறுத்திவிடலாம்.

இல்லாததை இல்லை என்று விட்டுவிட்டு, இருப்பதைத் தேடுங்கள். கூட்டக் குறிப்பு என்ற ஃபைல் இல்லாவிட்டாலும் கூட்டம் முடிந்து மேனேஜர் அனுப்பிய மெயில் இருக்கலாம். சாட் குழுவில் 'மூன்று வேலை ஒதுக்கினேன்' என்ற செய்தி இருக்கலாம். டிக்கெட்டில் தேதி மாற்றிய பதிவு இருக்கலாம். இவை எல்லாமே முறையான சான்றுகள். அழகான டெம்ப்ளேட்டில் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அப்படியும் இல்லையென்றால் மதிப்பீட்டைத் தள்ளிப் போடுவது மலிவு.

2.0 பதிப்பு வந்ததிலிருந்து இன்னொரு விஷயமும் மாறிவிட்டது. எந்த புராஜெக்ட்டில் எந்தப் பகுதி பார்க்கப்படும் என்பதை மதிப்பீட்டு அமைப்பின் மென்பொருளே குலுக்கிப் போடுகிறது. அழகான இரண்டு புராஜெக்ட்டை ஜோடித்து வைத்துக் காட்டும் பழைய வழி இப்போது ஓடாது.

சிறிய நிறுவனம். தரச் சோதனைக்குத் தனி ஆள் வைக்க முடியாது. புராஜெக்ட் மேனேஜரே தன் புராஜெக்ட்டை ஆடிட் செய்யலாமா?

தன்னுடையதைத் தானே செய்யக்கூடாது. மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்: இந்த டீமின் ஆள் அந்த டீமை, அந்த டீமின் ஆள் இதை. தேவைப்படுவது பார்வையின் சுதந்திரம். தனிப் பிரிவும் பெயர்ப்பலகையும் கட்டாயமில்லை. ஆனால் ஆடிட் செய்பவருக்குப் புராஜெக்ட் மேனேஜரைத் தாண்டி மேலே போகும் வழி எழுத்தில் இருக்க வேண்டும். குறை சொல்லி ஐந்து வேலை நாளில் தீரவில்லை என்றால் யாருக்குப் போகும், அங்கேயும் தீராவிட்டால் யாருக்கு என்பது வரை.

செக்லிஸ்ட் 12, 15 கேள்விக்குள் இருக்கட்டும். 'ரிவியூ நடந்ததா?' என்று கேட்காமல், 'ரிவியூவில் எழுந்த குறைகளில் எத்தனை மூடப்பட்டன, மூடியதைச் சரிபார்த்தவர் யார்?' என்று கேட்பது மேல். ஆறு மாத ஆடிட்டில் ஒரு குறைகூட இல்லை என்று அறிக்கை வந்தால் மகிழாதீர்கள், ஆடிட்டரை மாற்றுங்கள்.

லெவல் 4-க்குத் தயாராகிறோம். ஒரு அளவீட்டின் ஏற்ற இறக்கம் இயல்பானதா என்று காட்டும் கன்ட்ரோல் சார்ட் போட்டோம். எல்லாப் புள்ளிகளும் எல்லைக்குள்தான் இருக்கின்றன, ஆனாலும் நடுவழி மதிப்பீட்டில் 'பயனில்லை' என்று சொல்லிவிட்டார்கள். ஏன்?

உங்கள் சார்ட்டைப் பார்க்காமல் சொல்வதென்றால், நான்கு காரணங்களில் ஒன்றாக இருக்கும். முதலில் சரியான கணக்கு எப்படி என்று பார்த்துவிடுவோம்.

கோட் ரிவியூவின் வேகத்தை எடுத்துக்கொள்வோம். பத்து ரிவியூக்களில் மணிக்கு எத்தனை வரி பார்க்கப்பட்டது என்பது வரிசையாக: 180, 210, 160, 195, 220, 175, 190, 205, 170, 195. சராசரி 190. அடுத்தடுத்த இரண்டு எண்களின் வித்தியாசத்தை எழுதுங்கள்: 30, 50, 35, 25, 45, 15, 15, 35, 25. இவற்றின் சராசரி 30.6. அதை 2.66-ஆல் (இந்த வகைச் சார்ட்டுக்கான மாறிலி) பெருக்கினால் ஏறக்குறைய 81. சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை 271, கழித்தால் கீழ் எல்லை 109. நாளைக்கு ஒரு ரிவியூ மணிக்கு 400 வரி வேகத்தில் நடந்தால் அது வழக்கமான ஏற்ற இறக்கம் அல்ல, ஏதோ நடந்திருக்கிறது. அன்றே போய்ப் பார்க்க வேண்டும். (10 புள்ளி விளக்கத்துக்குத்தான். 20-க்கு மேல் சேர்ந்த பிறகு எல்லையை உறுதி செய்யுங்கள்.)

இப்போது தவறுகள். ஒன்று, இந்த 2.66 கணக்குக்குப் பதிலாக எக்ஸெலில் மொத்தத் தரவின் திட்ட விலக்கத்தை (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) கண்டு அதை மூன்றால் பெருக்குவது. தரவுக்குள் ஏற்கெனவே ஒரு கோணல் புள்ளி இருந்தால் அது திட்ட விலக்கத்தையே ஊதிப் பெரிதாக்கி, தன்னையும் எல்லைக்குள் இழுத்துக்கொள்ளும். எல்லாப் புள்ளியும் உள்ளேதான் இருக்கும், ஆனால் அதற்கு அர்த்தம் இருக்காது.

இரண்டு, வாடிக்கையாளர் கேட்ட இலக்கையே கன்ட்ரோல் எல்லையாக வரைவது. இலக்கு என்பது நீங்கள் விரும்புவது, எல்லை என்பது உங்கள் செயல்முறை பேசுவது. மேலே உள்ள ரிவியூ செயல்முறை நிலையானது. ஆனால் 'மணிக்கு 150 வரிக்கு மேல் போகக்கூடாது' என்பது இலக்கு என்றால், நிலையாகவே தோற்றுக்கொண்டிருக்கிறது. ஆட்களைக் கடிந்துகொண்டு பயனில்லை, செயல்முறையைத்தான் மாற்ற வேண்டும்.

மூன்று, புதிதாக எழுதிய கோட், பிழைத் திருத்தம் இரண்டின் ரிவியூவும் ஒரே சார்ட்டில். இரண்டின் இயல்பும் வேறு. கலந்தால் எல்லை அகன்றுவிடும், எதுவும் வெளியே வராது. பிரித்துப் போடுங்கள்.

நான்காவது தரவிலேயே இருக்கும் கோளாறு. இதுதான் அதிகம் காணப்படுவது. நேரப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள்: திங்கள் 8, செவ்வாய் 8, புதன் 8, வியாழன் 8, வெள்ளி 8. வெள்ளிக்கிழமை மாலை நினைவிலிருந்து நிரப்பியது. இதை வைத்து எந்தச் சார்ட் போட்டாலும் அது வெள்ளிக்கிழமை மாலையின் சார்ட்தான். ரிவியூ நேரத்தை அந்தக் கூட்டத்திலேயே, கூட்டம் முடிந்த நிமிடமே டிக்கெட்டில் போடும் பழக்கம் வராத வரை லெவல் 4-ஐப் பற்றிப் பேசுவது வீண். எத்தனை ரிவியூ 30 நிமிடம் அல்லது 60 நிமிடம் என்று உருண்டையான எண்ணில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள், தரவின் தரம் தெரிந்துவிடும்.

சார்ட் சரியானாலும் லெவல் 4 அதோடு நிற்பதில்லை. முன்கணிப்பு மாதிரி ஒன்றும் வேண்டும். உதாரணமாக, ரிவியூ வேகமும் மாட்யூலின் சிக்கலும் தெரிந்தால் சிஸ்டம் டெஸ்டில் எத்தனை குறை வரும் என்று சொல்வது. அதில் உள்ளே போகும் காரணிகளில் ஒன்றாவது புராஜெக்ட் மேனேஜரால் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். வேகத்தை மாற்றலாம், வாடிக்கையாளரின் மனநிலையை மாற்ற முடியாது. விடை ஒற்றை எண்ணாக இல்லாமல் ஒரு வீச்சாக வர வேண்டும். முக்கியமாக, அந்தக் கணிப்பைப் பார்த்து யாராவது நடுவழியில் ஏதாவது முடிவை மாற்றியிருக்க வேண்டும். புராஜெக்ட் முடிந்த பிறகு 'மாதிரி சரியாகக் கணித்தது' என்று காட்டுவது வெறும் அலங்காரம்.

எங்கள் சப்ளையர் 'லெவல் 5 சான்று பெற்றவர்' என்று சொல்லிச் சான்றிதழ் நகல் அனுப்பியிருக்கிறார். எப்படிச் சரிபார்ப்பது?

நகலை ஓரமாக வையுங்கள். முறையான மதிப்பீட்டின் முடிவு, நிறுவனம் வெளியிட ஒப்புக்கொண்டால், சி.எம்.எம்.ஐ.யின் பொதுத் தளத்தில் இருக்கும். யாரும் தேடலாம். ஐந்தைப் பாருங்கள்: எந்த லெவல், எந்தப் பதிப்பு, எந்தத் துறைப் பிரிவு (மென்பொருள் உருவாக்கமா, சேவையா), எந்த நிறுவன அலகு, எப்போது காலாவதி. அலகுதான் ஏமாற்றும் இடம். பல ஊர்களில் பல பிரிவுகள் உள்ள நிறுவனத்தில் ஒரு பிரிவு மட்டும் மதிப்பிடப்பட்டிருக்கும், உங்கள் வேலை வேறு பிரிவில் நடக்கும். முழு மதிப்பீடு மூன்று வருடம் செல்லும். அதன் பிறகு 'முன்பு லெவல் 5' என்பதற்கு மதிப்பில்லை.

நேர்காணலுக்கு ஆட்களைப் பதிலோடு தயார் செய்யலாமா? எங்கள் ஆட்கள் பயந்துபோயிருக்கிறார்கள்.

பதிலை மனப்பாடம் செய்ய வைத்தால் இரண்டாவது ஆள் பேசும்போதே தெரிந்துவிடும். மூன்று பேரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள். அடுத்த கேள்வி 'அந்தக் கருவியில் காட்டுங்களேன்' என்று வந்தால் திணறுவார்கள்.

பயத்தைப் போக்க இரண்டு தகவல் போதும். நேர்காணலில் சொன்னது யார் சொன்னது என்று வெளியே வராது. மதிப்பிடப்படுவது நிறுவனத்தின் செயல்முறை, தனி ஆள் அல்ல. 'தெரியாது, ஆனால் இங்கே தேடுவேன்' என்பது நல்ல பதில் என்பதையும் சொல்லிவிடுங்கள். கலைச்சொற்களையும் சொல்லித்தர வேண்டாம். 'கான்ஃபிகரேஷன் பேஸ்லைன் எப்படிப் போடுகிறீர்கள்' என்று கேட்டுப் புரியாவிட்டால், 'ரிலீஸுக்கு முன் கோட் மாறாமல் எப்படிப் பூட்டுகிறீர்கள்' என்று மாற்றிக் கேட்பது மதிப்பீட்டாளரின் வேலை.

தயார் செய்ய வேண்டிய ஒரே ஆள் நிறுவனத்தின் தலைவர். 2.0 பதிப்பிலிருந்து நிர்வாகத்தின் பங்குக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. இலக்கு என்ன வைத்தீர்கள், செயல்முறைக்கு எவ்வளவு ஆளும் பணமும் ஒதுக்கினீர்கள், கடைசியாக எந்தத் தரவைப் பார்த்து என்ன முடிவு எடுத்தீர்கள் என்று அவரிடம் கேட்பார்கள். 'அதெல்லாம் குவாலிட்டி பிரிவு பார்த்துக்கொள்ளும்' என்று அவர் சொன்னால் வேறு யார் எவ்வளவு நன்றாகப் பேசியும் பயன் குறைவு. மனப்பாடம் அங்கேயும் உதவாது. குறைந்தது நான்கைந்து மாதம், மாதம் ஒரு மணி நேரம் அவர் அந்தத் தரவின் முன் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்று: மதிப்பீட்டுக் குழுவில் தலைமை மதிப்பீட்டாளரோடு சேர்த்துக் குறைந்தது நான்கு பேர் இருப்பார்கள், உங்கள் ஆட்களும் அதில் இருக்கலாம். ஆனால் மேலதிகாரி எதிரே உட்கார்ந்து தனக்குக் கீழ் வேலை செய்பவரைப் பேட்டி காணும்படி அமைக்காதீர்கள்.

கடைசி நாளில் ஒரு பகுதியில் மட்டும் தோற்றால் எல்லாம் வீணா?

இல்லை. குறிப்பிட்ட குறைகளை மட்டும் சரிசெய்து நான்கு மாதத்துக்குள் அந்தப் பகுதியை மறுபடி மதிப்பிடும் வழி இருக்கிறது. ஆனால் அந்த நான்கு மாதத்தில் புதுப் பழக்கம் வேலையில் தெரிய வேண்டும் என்பதால், அளவீடு போன்ற மெதுவான பகுதியில் தோற்றால் நெருக்கடிதான். ரிவியூ, கான்ஃபிகரேஷன் என்றால் சமாளிக்கலாம். முதல் மதிப்பீட்டுத் தேதியைக் குறிக்கும்போதே அடுத்த நான்கு மாதத்தையும் காலண்டரில் ஒதுக்கி வைப்பது புத்திசாலித்தனம்.

தர மேலாளராக இருக்கிறேன். இதையே தொழிலாக, ஆலோசகராகச் செய்ய விரும்புகிறேன். என்ன தகுதி வேண்டும்?

ஆலோசனை சொல்லச் சட்டப்படி எந்தச் சான்றும் வேண்டாம். அதுதான் இந்தத் தொழிலின் சிக்கலும். மதிப்பீட்டை நடத்தத்தான் அங்கீகாரம் வேண்டும். முதலில் அசோசியேட் தேர்வு, பிறகு புரொஃபஷனல், மதிப்பீட்டுக் குழுக்களில் உறுப்பினராக அனுபவம், பிறகு தலைமை மதிப்பீட்டாளர். லெவல் 4, 5-ஐ மதிப்பிட அதற்கு மேலும் தனி அங்கீகாரம் உண்டு. குழு உறுப்பினராக இரண்டு மூன்று மதிப்பீட்டில் உட்காருவது எந்த வகுப்பைவிடவும் கற்றுத்தரும்.

மாதிரியைத் தவிர மூன்று விஷயம் கற்றுக்கொள்ளுங்கள். அடிப்படைப் புள்ளியியல், மேலே சொன்ன 2.66 எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் சொல்லும் அளவுக்கு (3-ஐ 1.128-ஆல் வகுத்தது). டிக்கெட் கருவிகளில் ஒன்றைக் கையாளும் பயிற்சி, ஏனென்றால் பாதிச் செயல்முறையை வேர்டில் எழுதுவதைவிட அங்கே வொர்க்ஃப்ளோவாகப் போட்டுவிட்டால் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டாம். மூன்றாவது, வாயை மூடிக்கொண்டு ஒரு டீமின் முழு நாளைப் பார்க்கும் பொறுமை.

ஒப்பந்தம் எழுதும்போது ஊதியத்தை 'லெவல் கிடைத்தால்தான்' என்று கட்டாதீர்கள். கட்டினால் குறையைக் குறை என்று சொல்ல உங்களுக்கே நா எழாது. இடைவெளி ஆய்வு, செயல்முறை, முன்னோட்டம், நடுவழி மதிப்பீடு என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் இரு தரப்பும் விலகலாம் என்று எழுதுங்கள். நீங்கள் ஆலோசனை சொன்ன இடத்தில் மதிப்பீட்டுக் குழுவிலும் இடம் பெறுவதாக இருந்தால், அந்தத் தொடர்பைத் தலைமை மதிப்பீட்டாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். அதை எப்படிச் சமாளிப்பது என்பதை மதிப்பீட்டுத் திட்டத்தில் எழுத வேண்டியவர் அவர்.